தரையில் உட்கார்ந்தவர்களின் கோயில்

(வெண்மணி ஈகியர் நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. தயவுசெய்து முன்னால் வந்து உட்காருங்கள். இன்றைக்கு நாம் பேசப்போவதே யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைப் பற்றித்தான்.

1968 டிசம்பர் 25 அன்று இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்தான் அதில் பெரும்பாலோர். அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் குற்றம். 1973-இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருள்பட எழுதப்பட்ட தீர்ப்பு அது. ஆவணத்தில் அப்படி எழுதப்பட்டது. ஆனாலும் வெண்மணி மறக்கப்படவில்லை. காரணம், அந்த இடத்தை நம் மக்கள் விடவில்லை. அங்கே தூண் எழுப்பினோம், ஆண்டுதோறும் கூடுகிறோம், பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இடத்தையும் பெயரையும் பிடித்துக்கொண்டால் தீர்ப்பு எழுதியவர்களாலும் வரலாற்றை முடித்துவைக்க முடியாது. வெண்மணி நமக்குத் தந்த இந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேறொரு இடத்துக்குப் போவோம்.

அது தரங்கம்பாடி. இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில், நம் காவிரிப் படுகையின் கடற்கரையில் இருக்கும் ஊர். அங்கே அரசர் தெருவில் புதிய எருசலேம் ஆலயம் என்று ஒரு பழைய கோயில் இருக்கிறது. அந்தத் தெருவையும் கோட்டையையும் மிஷனரி வீட்டையும் கடந்த இருபது ஆண்டுகளாகப் பழுதுபார்த்து வருகிறார்கள். மரபு, பாரம்பரியம் என்ற சொற்கள் அந்த ஊரில் எங்கு திரும்பினாலும் காதில் விழுகின்றன. ஒரு பழைய தேவாலயத்தைச் சீரமைத்து அதைச் சமூகத்தின் மரபு மையமாக ஆக்குவதென்றால் என்ன, அந்தச் 'சமூகம்' யார் என்பதுதான் நம் கேள்வி.

கிறித்தவக் கோயிலைப் பற்றித் தலித் இலக்கிய மன்றம் ஏன் பேச வேண்டும் என்று நம் நண்பர்களே கேட்டார்கள். அந்தக் கோயிலுக்கு முதலில் வந்தவர்களில் பெரும்பகுதியினர் நாம் என்பது ஒரு பதில். அங்கே அச்சான புத்தகத்தை வாசித்தவர்களிலும் நாம் இருந்தோம் என்பது இன்னொரு பதில். இரண்டையும் சொல்கிறோம்.

கோட்டை, கோயில், அச்சகம்

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க்குக்காரர்களோடு ஒப்பந்தம் செய்தார். பொன் தகட்டில் தமிழில் எழுதிய அந்த ஓலை இன்றும் கோப்பன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. கடற்கரையில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. 1701-இல் டேனியர்கள் தங்களுக்கென்று சீயோன் ஆலயத்தைக் கட்டிக்கொண்டார்கள். 1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்க் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு, 1707 மே மாதம், சீயோன் ஆலயத்தில் முதன்முதலாக ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த ஐந்து பேரும் டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள். தமிழ்நாட்டின் சீர்திருத்தக் கிறித்தவ வரலாறு அடிமைகளிலிருந்துதான் தொடங்குகிறது. இதை நினைவில் வையுங்கள்.

உள்ளூர் மக்களுக்கென்று அதே 1707-இல் கட்டிய சிறிய எருசலேம் ஆலயம் கடல் சீற்றத்துக்குத் தாங்கவில்லை. அதற்குப் பதிலாகக் கட்டியதுதான் இப்போது நிற்கும் புதிய எருசலேம் ஆலயம். 1718 அக்டோபரில் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. நான்கே மாதத்தில், 1719 பிப்ரவரியில், சீகன்பால்க் இறந்துபோனார். அவரை அந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் முத்திரையைப் பார்க்கலாம். மன்னர் பெயர் முகப்பில் இருக்கிறது, குருவின் பெயர் கல்லறையில் இருக்கிறது. செங்கல் சுமந்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

கொடுத்ததை மறுக்கும் பழக்கம் நமக்குக் கிடையாது. 1707-இலேயே அந்த ஊரில் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் நடந்தது. 1715-க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி வெளியே வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் திண்ணையில்கூட ஏற முடியாத காலத்தில், எழுத்து என்ற ஒன்று சேரிக்குள் வர அந்தக் கோயில் ஒரு வாசலாக இருந்தது. ஆனால் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனதும் எங்கே உட்கார வேண்டியிருந்தது?

கோயிலுக்குள் ஊரும் சேரியும்

புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவக் கட்டடம். அந்தச் சிலுவைக்குள்ளும் ஊர் ஒரு பக்கமாகவும் சேரி ஒரு பக்கமாகவும் பிரிந்து உட்கார்ந்தன. 'சூத்திரக் கிறித்தவர்' என்று மிஷனரிகள் எழுதிய வெள்ளாளர் முதலானோர் ஓரிடத்தில், பறையர் கிறித்தவர் வேறோரிடத்தில், நடுவே இடைவெளி. திருவிருந்திலும் அவர்கள் முதலில், நாம் பிறகு.

சமூகவியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 1950-களில் கேத்லீன் கஃப்பும் 1960-களில் ஆந்த்ரே பெத்தேயும் தஞ்சை மாவட்டக் கிராமங்களை ஆராய்ந்து எழுதினார்கள். அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என்று ஊரே மூன்றாகப் பிரிந்து கிடப்பதை அவர்கள் வரைந்து காட்டினார்கள். நிலம் யாரிடம் இருந்ததோ அவர்கள் ஆற்றோரம், கோயிலோரம். உழைத்தவர்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். பண்ணையாளுக்கு ஓரளவு பாதுகாப்பு தரும் சட்டமே 1952-இல்தான் வந்தது. அந்த ஊர் வரைபடத்தை அப்படியே சுருட்டிக்கொண்டு வந்து கோயிலுக்குள் விரித்தார்கள். சாமி மாறியது, பாட்டு மாறியது, வரைபடம் மாறவில்லை.

இந்த வரைபடத்துக்குள் ஒரு மனிதரை வைத்துப் பார்ப்போம். அவர் பெயர் ராஜநாயக்கன். பறையர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தஞ்சை மராத்திய மன்னரின் படையில் சேவகம் பார்த்தவர். வாசிக்கத் தெரிந்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. அதைத் தானே வாசித்தார். வாசித்ததைக் கொண்டு கேள்வி கேட்டார். 1720-களின் பிற்பகுதியில் தரங்கம்பாடிக்குப் போய் லுத்தரன் சபையில் சேர்ந்தார். பிறகு தஞ்சைப் பகுதியின் உபதேசியாரானார். அதற்காக அவரும் குடும்பமும் பட்ட அடி கொஞ்சமல்ல. ஆனாலும் பல பத்தாண்டுகள் தஞ்சையிலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும் சபையை வளர்த்தவர் அவர்.

இலக்கிய மன்றத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் நம்மில் ஒருவர் அச்சடித்த தமிழ்ப் புத்தகத்தை வாசித்து, அதன் பேரில் முடிவெடுத்து, தன் வாழ்க்கையைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். தலித்துகள் நேற்றுத்தான் படிக்க வந்தார்கள் என்று சொல்பவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

1733 டிசம்பரில் ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். சீர்திருத்தத் திருச்சபையில் குருவான முதல் இந்தியர் அவர். வெள்ளாளர். சில ஆண்டுகள் கழித்து இன்னொரு குரு தேவைப்பட்டபோது ராஜநாயக்கன் பெயர் வந்தது. உழைப்பிலோ அறிவிலோ பக்தியிலோ அவரிடம் குறை என்று யாரும் சொல்லவில்லை. பறையர் கையால் திருவிருந்து வாங்க மற்றவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், அவர்கள் வீட்டுக்குள் அவரால் போக முடியாது என்பதுதான் தடையாக இருந்தது. மிஷனரிகள் அந்தத் தடைக்குப் பணிந்தார்கள். 1741-இல் குருப்பட்டம் வேறொருவருக்குப் போனது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

ஆரோனைக் குறைத்துச் சொல்ல இதைச் சொல்லவில்லை. அவரும் நிறையப் பாடுபட்டவர்தான். ஒரு கோயிலின் வரலாற்றில் குருவானவரின் பெயர் எவ்வளவு முக்கியமோ, குருவாக விடப்படாதவரின் பெயரும் அவ்வளவு முக்கியம் என்கிறோம்.

இவ்வளவு விவரமும் நமக்கு எப்படித் தெரியும்? மிஷனரிகள் ஜெர்மனியில் உள்ள ஹாலே நகருக்கு ஆண்டுதோறும் அறிக்கை அனுப்பினார்கள். 1710 முதல் அவை அச்சாகி ஐரோப்பா முழுக்க வாசிக்கப்பட்டன. உபதேசியார்கள் போய்வந்த ஊர்கள், பேசிய மனிதர்கள், பட்ட வசைகள் எல்லாம் அந்த அறிக்கைகளில் இருக்கின்றன. நம் பாட்டன்மாரின் பெயர்கள் ஹாலேயில் பத்திரமாக இருக்கின்றன. தரங்கம்பாடியிலோ பொறையாரிலோ இருக்கும் ஒரு காலனிப் பிள்ளைக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. மரபு என்று இவர்கள் சொல்வதில் எது பாதுகாக்கப்பட்டிருக்கிறது, எது பறிபோயிருக்கிறது என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

நாம் பாடும் பாட்டும் நம்மை விலக்கிய கையும்

தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவுக்குள் சுவார்ட்ஸ் ஐயர் 1779-இல் கட்டிய கோயில் இருக்கிறது. உள்ளே வெண்பளிங்கில் ஒரு சிற்பம். சுவார்ட்ஸின் மரணப்படுக்கையருகே சரபோஜி மன்னர் நிற்பதாகக் காட்டும் அந்தச் சிற்பத்தை, மன்னரே இங்கிலாந்திலிருந்து பிளாக்ஸ்மன் என்ற சிற்பியைக் கொண்டு செய்து வரவழைத்தார். மன்னரும் மிஷனரியும் பளிங்கில் கைபிடித்திருக்கும் காட்சியைப் பார்க்க நிறையப் பேர் வருகிறார்கள். அதே தஞ்சைச் சபையில் அடுத்த தலைமுறையில் நடந்தது பளிங்கில் இல்லை.

1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். கோயிலுக்குள் சாதி கூடாது, உட்காருவதிலும் திருவிருந்திலும் வேறுபாடு கூடாது என்பதுதான் அதன் சாரம். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் அதை வாசித்தார்கள். பெருந்தொகையான வெள்ளாளக் கிறித்தவர்கள் சபையை விட்டு எழுந்து வெளியே போனார்கள். நம் பக்கத்தில் உட்காருவதைவிடக் கோயிலே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பின்னர் வந்த லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் நெகிழ்வாக இருந்ததால் பலருக்கு அங்கே இடம் கிடைத்தது. தரங்கம்பாடி மிஷனும் அந்த லைப்சிக் மிஷனின் கைக்குத்தான் போனது.

இந்தப் பூசலின் நடுவே இருந்தவர்களில் ஒருவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774-இல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். சாதி வழக்கங்களைக் கைவிடச் சொன்ன புதிய மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர்களில் அவர் முதன்மையானவர். இன்றைக்கும் டெல்டாவில் எந்தச் சேரிக் கோயிலுக்குப் போனாலும் அவர் பாட்டு ஒலிக்கிறது. எங்கள் வீட்டுப் பெண்கள் நாற்று நடும்போது அவர் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். பாட்டை நம்மிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது. அது நம் தொண்டையில் 200 ஆண்டுகளாக இருக்கிறது. அதற்காக அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைச் சொல்லாமல் விடவும் முடியாது. மரபு என்பது இப்படித்தான் இருக்கும். அதை வைத்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டையும் தாங்கும் நெஞ்சு வேண்டும்.

இது லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளின் கதை மட்டுமல்ல. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலில் ஒரே பீடத்துக்கு இரண்டு தனித்தனிக் கூடங்கள், கால்சட்டையின் இரண்டு கால்கள்போல. வெள்ளாளர் ஒன்றில், நாடார் மற்றதில். 1910-இல் தடுப்பை இடித்தபோது எதிர்த்து வழக்கே போட்டார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிறகும் நம்மைப் பிரித்துவைக்க ஒரு சுவர் எழுப்பியது நம் காலம் வரை பேசப்படும் விஷயம். கட்டடக்கலை என்றால் தூணும் வளைவும் மட்டுமல்ல. சாதியும் இந்த நாட்டில் ஒரு கொத்தனார் வேலைதான்.

சுண்ணாம்பும் சிமெண்டும்

சீரமைப்பு வேலையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மரபுக் கட்டட நிபுணர்கள் சொல்லும் அடிப்படையான விஷயம் ஒன்றுண்டு. பழைய செங்கல் சுவரைச் சுண்ணாம்புக் காரையால்தான் பூச வேண்டும். மணலும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பதப்படுத்திப் பூசுவார்கள். அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். கடலோர ஊரில் உப்புக்காற்று சும்மா விடாது. அவசரத்துக்குச் சிமெண்டைப் பூசினால் மேலே பளபளப்பாக இருக்கும். ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்னும். சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாக விழும்போதுதான் உள்ளே செங்கல் பொடியாகிக் கிடப்பது தெரியும்.

வரலாற்றையும் பல இடங்களில் சிமெண்ட் போட்டுத்தான் பூசியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்கிறோம். எங்கள் உறவுக்காரப் பெண்கள் சிலர் டெல்டாவில் ஒரு பழைய கோயிலின் சீரமைப்பு வேலைக்குப் போனார்கள். எந்த ஊர், எந்தக் கோயில் என்பது இங்கே முக்கியமல்ல. மாதக்கணக்கில் சுண்ணாம்பு சலித்தார்கள், சாந்து சுமந்தார்கள். கையெல்லாம் வெந்து தோல் உரிந்தது. திறப்பு விழாவுக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு ஆசையாகப் போனவர்களைப் பந்தலுக்கு வெளியே கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். மேடையில் பொறியாளருக்குச் சால்வை, நன்கொடையாளருக்குச் சால்வை. வீட்டுக்கு வந்து ஒரு சித்தி சொன்னார்: "அந்தச் சொவுத்துல எங்க கை ரேகை இருக்குடி. அவங்க வெள்ளையடிச்சாலும் அது உள்ள இருக்கும்." இந்த உரைக்கு விதை அந்தப் பேச்சுதான்.

2004 சுனாமி தரங்கம்பாடியையும் அடித்தது. அதற்குப் பிறகு அந்த ஊருக்கு வெளிநாட்டுப் பணமும் நிபுணர்களும் வந்தார்கள். கோட்டை, ஆளுநர் மாளிகை, தெருவீடுகள் என்று ஒவ்வொன்றாகப் பழுதுபார்த்தார்கள். சீகன்பால்க் வாழ்ந்த வீடு 2017-இல் பண்பாடுகளுக்கு இடையிலான உரையாடலுக்கான அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் தலித் குடியிருப்புகளுக்கு நிவாரணம் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதையும், முகாம்களிலேயே தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பாகுபாடு நடந்ததையும் உண்மை அறியும் குழுக்கள் பதிவு செய்திருக்கின்றன. ஜெர்மனிக்கும் தமிழுக்கும் இடையே உரையாடல் நடக்கட்டும். தெருவுக்கும் காலனிக்கும் இடையிலான உரையாடலை எந்தக் கட்டடத்தில் வைத்து நடத்துவது? அதற்குப் பொருத்தமான கட்டடம் அந்தக் கோயில்தான். ஏனென்றால் பிரிவினை நடந்ததும் அதே தரையில்தான்.

தரையை அருங்காட்சியகமாக்கியவர்கள்

இது நடக்காத காரியமல்ல. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்றொரு பகுதி இருந்தது. பல நிறத்து உழைப்பாளி மக்கள் கலந்து வாழ்ந்த இடம். 1966-இல் நிறவெறி அரசு அதை வெள்ளையருக்கு மட்டுமான பகுதி என்று அறிவித்தது. அடுத்த ஆண்டுகளில் 60,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி வீடுகளை இடித்துத் தள்ளியது. அந்தப் பகுதியின் ஓரத்தில் மெதடிஸ்ட் கோயில் ஒன்று எஞ்சி நின்றது. வெளியேற்றப்பட்ட மக்கள் 1994-இல் அந்தக் கோயிலையே தங்கள் அருங்காட்சியகமாக ஆக்கினார்கள்.

அங்கே முதலில் கண்ணில் படுவது தரைதான். இடிக்கப்பட்ட பகுதியின் தெரு வரைபடத்தைக் கோயில் தரை முழுக்க விரித்திருக்கிறார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் வந்து குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடி, தங்கள் கையாலேயே பெயரை எழுதினார்கள். பழைய தெருப்பெயர்ப் பலகைகள் மேலே தொங்குகின்றன. அந்தக் கோயிலை அழகுப் பொருளாக யாரும் பார்ப்பதில்லை. பறிபோன நிலத்தைத் திரும்பக் கேட்டு நடந்த போராட்டத்துக்கு அது சாட்சியாக நின்றது.

கானா நாட்டின் கேப் கோஸ்ட் கோட்டையையும் நினைத்துப் பாருங்கள். அடிமை ஆண்களை அடைத்துவைத்த நிலவறைக்கு நேர் மேலே ஜெபக்கூடம். கீழே முனகல், மேலே பாட்டு. இன்றைக்கு அங்கே போகிறவர்களுக்கு வழிகாட்டிகள் இதை மறைக்காமல் சொல்கிறார்கள். அதே கானாவில் அக்ரா நகரத்தில் இருக்கும் கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியவர்கள் யார் தெரியுமா? தரங்கம்பாடிக்கு வந்த அதே டேனியர்கள். அங்கே அடிமை வரலாற்றைச் சொல்லாமல் கோட்டையைக் காட்டுவது இன்று வெட்கக்கேடாகக் கருதப்படும். இங்கே மட்டும் அலையும் காற்றும் மஞ்சள் பூசிய சுவரும் போதுமா?

எங்கள் கோரிக்கைகள்

புதிய எருசலேம் ஆலயம் இன்றும் வழிபாடு நடக்கும் கோயில். ஜெபத்தை நிறுத்துங்கள் என்று யாரும் கேட்கவில்லை. சபையும் ஊரும் சேர்ந்து, அந்தக் கோயிலையும் அதன் வளாகத்தையும் எல்லாருடைய மரபு மையமாக ஆக்க வேண்டும் என்கிறோம். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்கிறோம்.

முதலாவது, தரை. யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதைக் காட்டும் படம் கோயிலின் வாசலில் இருக்க வேண்டும். சிலுவை வடிவத்தின் அழகை விளக்கும் பலகை இருக்கட்டும். பக்கத்திலேயே அந்தச் சிலுவைக்குள் விழுந்த கோட்டையும் காட்டுங்கள்.

இரண்டாவது, பெயர்கள். சீகன்பால்க்கின் கல்லறைக்கு எவ்வளவு மரியாதை உண்டோ அதே மரியாதையோடு 1707-இன் ஐந்து அடிமைகளைப் பற்றியும் ராஜநாயக்கனைப் பற்றியும் கல்லில் எழுத வேண்டும். குருப்பட்டம் மறுக்கப்பட்டது என்ற சொல் அதில் இருக்க வேண்டும். 'எளிய பின்னணியிலிருந்து வந்தவர்' என்று பூசி மெழுகக் கூடாது.

மூன்றாவது, பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று பழைய சபைகள் எழுதிவைத்த ஏடுகள் டெல்டா முழுக்கப் பீரோக்களில் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. நிலப்பட்டா இல்லாத, கல்வெட்டு இல்லாத மக்களுக்கு அந்த ஏடுகள்தான் பட்டா, அவைதான் கல்வெட்டு. அவற்றைப் படமெடுத்து, ஊர்வாரியாகத் தொகுத்து, யார் வந்து கேட்டாலும் தங்கள் குடும்பத்தின் பெயரைப் பார்க்க வழிசெய்ய வேண்டும். ஹாலேயில் இருக்கும் அறிக்கைகளில் நம் ஊர்களைப் பற்றிய பகுதிகளைத் தமிழில் கொண்டுவர வேண்டும்.

நான்காவது, நிர்வாகம். மையத்தை நடத்தும் குழுவில் சபையின் பெரியவர்களும் நிபுணர்களும் மட்டும் இருந்தால் போதாது. காலனிகளின் பிரதிநிதிகள், குறிப்பாகப் பெண்கள், பாதிக்குப் பாதி இருக்க வேண்டும். சுண்ணாம்பு அரைக்கும் தொழிலை நம் பிள்ளைகளுக்கு முறையாகக் கற்றுக்கொடுத்து, சித்தாள் கூலிக்கு நிற்காமல் கொத்தனாராக, மேஸ்திரியாக அவர்களை அங்கேயே வேலைக்கு எடுக்க வேண்டும்.

ஐந்தாவது, கதவு. நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே வரும் சுற்றுலாப் பயணிக்கு மட்டும் திறக்கும் இடம் சமூக மையமாகாது. சாயங்காலத்தில் பிள்ளைகள் படிக்க விளக்கும் புத்தகமும் அங்கே வேண்டும். அச்சகம் வந்த ஊரில் ஒரு நல்ல நூலகம் கேட்பது பேராசை ஆகாது.

'பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள்?'

இதைக் கேட்பவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். சபைக்குள் இருக்கும் பெரியவர்கள், நல்லெண்ணத்தோடுதான், "அதெல்லாம் முடிஞ்சுபோச்சு, இப்ப எல்லாரும் ஒண்ணாத்தான் உட்கார்றோம்" என்கிறார்கள். ஒன்றாக உட்காருவது உண்மை என்றால் சந்தோஷம். அப்படியென்றால் அதற்காக யார் யார் அடிபட்டார்கள் என்று சொல்ல ஏன் தயங்க வேண்டும்? புண் ஆறிவிட்டது என்றால் தழும்பைக் காட்டுவதில் என்ன கஷ்டம்?

அது முடிந்துபோகவுமில்லை. 1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துவல்லாத தலித்துகளைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. 1956-இல் சீக்கியத் தலித்துகளும் 1990-இல் பௌத்தத் தலித்துகளும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றுவரை வெளியேதான். 2007-இல் அறிக்கை தந்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தின் பேரால் காட்டும் இந்தப் பாகுபாடு கூடாது என்று சொன்னது. 2022-இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. கிறித்தவத்தில் சாதி இல்லையே, உங்களுக்கு எதற்கு இடஒதுக்கீடு என்று தில்லியில் கேட்கிறார்கள். புதிய எருசலேம் ஆலயத்தின் தரை அதற்குப் பதில். ராஜநாயக்கனுக்குக் கிடைக்காத குருப்பட்டம் அதற்குப் பதில். சாதி இருந்ததற்கான சாட்சியத்தைச் சீரமைப்பு என்ற பெயரில் நாமே வெள்ளையடித்து மூடினால், நாளைக்கு நம் பிள்ளைகள் எதைக் காட்டி உரிமை கேட்பார்கள்?

நம் தரப்பிலும் சிலர் கேட்கிறார்கள்: நம்மை ஒதுக்கிய கோயிலை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும், இடிந்து விழட்டுமே என்று. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோயில் அவர்களுடையதல்ல. செங்கல் நம்முடையது, சுண்ணாம்பு நம்முடையது, முதல் ஞானஸ்நானம் நம்முடையது, பாட்டும் நம்முடையது. ஒதுக்கப்பட்டோம் என்பதற்காக நாமே விட்டுக்கொடுத்தால், ஒதுக்கியவர்கள் தொடங்கிய வேலையை நாம் முடித்துக்கொடுத்ததாக ஆகும்.

தோழர்களே, கோரிக்கைகளை எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பது மட்டும் போதாது. நம் கையில் இருக்கும் வேலையை இன்றே தொடங்கலாம். இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய் உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். எந்த மதமாக இருந்தாலும் பரவாயில்லை. அவருடைய அம்மாவின் பெயர் என்ன, எந்தப் பண்ணையில் வேலை செய்தார், எந்தக் கோயிலில் எந்தப் பக்கம் நின்றார், எங்கே புதைத்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதித் தரட்டும். அந்த நோட்டுகளை மன்றத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த வெண்மணி நாளுக்குள் அவற்றை ஒரு தொகுப்பாக்கி எடுத்துக்கொண்டு தரங்கம்பாடிக்குப் போவோம். கோயில் பெரியவர்களைப் பார்த்து, எங்கள் பதிவேடு இது, உங்கள் பதிவேட்டையும் திறங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்போம் என்று கேட்போம்.

வெண்மணியில் எரிந்த 44 பேரின் நினைவுக்கு வணக்கம். ராஜநாயக்கன் உபதேசியாருக்கு வணக்கம். பெயர் தெரியாத சித்தாள்கள் எல்லோருக்கும் வணக்கம்.